வீட்டை விற்றுவிட்டு ஆர்வியில் கிளம்பலாமா?

டல்லாஸ் பக்கம் இருக்கும் ஒரு தம்பதி கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் அடுத்த வருடம் 65 வயது, இருவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள், பிள்ளைகள் வேலை, குடும்பம் என்று வேறு ஊர்களில். வீட்டை விற்றுவிட்டு பஸ் அளவுக்குப் பெரிய ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி ஒன்று வாங்கி, இரண்டு மூன்று வருடம் நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறார்களாம். நடக்கிற காரியமா, எவ்வளவு செலவாகும், எங்கே தங்குவது, உடம்புக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வது என்பது கேள்வி.

நானும் என் வீட்டுக்காரரும் வேலையை விட்ட பிறகு இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், வருடத்தில் பாதி வண்டியில், பாதி வீட்டில். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: தாராளமாகக் கிளம்புங்கள், ஆனால் வீட்டை இப்போது விற்க வேண்டாம், பெரிய வண்டி வேண்டவே வேண்டாம். மற்றதெல்லாம் போகப் போகப் பழகிவிடும். இந்த இரண்டையும் செய்துவிட்டு மனசு மாறினால் கையில் இருக்கிற பணத்தில் பெரும்பகுதி போய்விடும், புது ஆர்வி ஷோரூமை விட்டு வெளியே வந்த அன்றே விலை இறங்க ஆரம்பிக்கிற பொருள்.

முதலில் வண்டி. நீங்கள் சொல்கிற பஸ் அளவு வண்டிக்கு கிளாஸ் ஏ என்று பெயர், 40 அடியும் வரும், அதற்கு மேலும் வரும். கிளாஸ் பி என்பது வேன், உள்ளேயே படுக்கை, அடுப்பு, பலவற்றில் கழிப்பறையும் இருக்கும். நடுவில் கிளாஸ் சி, டிரைவர் சீட்டுக்கு மேலே ஒரு படுக்கை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், வாடகைக்கு விடுகிறவர்களிடம் அதிகம் பார்ப்பது இதுதான். இவை தவிர காருக்கோ பிக்கப்புக்கோ பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர்கள். எங்களுடையது 25 அடி கிளாஸ் சி. இரண்டு பேருக்கு அது போதும். மழை நாலு நாள் விடாமல் பெய்தால் மட்டும் போதாது.

நீளத்தில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், நீங்கள் பார்க்க ஆசைப்படுகிற இடங்களின் சாலைகளும், வண்டியை நிறுத்தியோ கூடாரம் போட்டோ தங்குகிற கேம்ப்கிரவுண்டுகளும் பல 1930களில் போட்டவை, அந்தக் காலத்துக் காரையும் கூடாரத்தையும் மனதில் வைத்துப் போட்டவை. மொன்டானாவில் கிளேசியர் பூங்காவின் கோயிங் டு தி சன் ரோடு 1933ல் திறந்தது, மலையேறுகிற பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். எங்கள் வண்டிக்கே அங்கே இடமில்லை, கீழே நிறுத்திவிட்டு, துணிக்கூரையைச் சுருட்டி வைக்கிற சிவப்பு நிறப் பழைய பஸ்ஸில் போனோம், உண்மையில் அதுதான் நல்லது, ஓட்டுகிறவரும் வெளியே பார்க்கலாம். யூட்டாவில் சயான் பூங்காவின் 1930ம் வருடத்துச் சுரங்கப்பாதையில் பெரிய வண்டிகளுக்காக எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி நடுவில் விட்டுவந்தார்கள், 2026 நடுவிலிருந்து பெரிய வண்டிகளுக்கு அதுவும் கிடையாது என்று பூங்கா அறிவித்துவிட்டது, சுற்றித்தான் போக வேண்டும். தென் டகோட்டாவில் நீடில்ஸ் ஹைவேயில் பாறையைக் குடைந்த ஒரு வழி சுமார் 8 அடி அகலம்தான்.

உயரமும் அப்படித்தான். வட கரோலினாவில் டர்ஹம் ஊரில் 11 அடி 8 அங்குல ரயில்வே பாலம் ஒன்று இருக்கிறது, எச்சரிக்கைப் பலகை, விளக்கு எல்லாம் வைத்தும் வாடகை லாரிகளும் ஆர்விகளும் அதில் கூரையை உரித்துக்கொண்டே இருந்தன, கடைசியில் 2019ல் பாலத்தையே தூக்கி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் இடிக்கிறவர்கள் இடிக்கிறார்கள். கூரை மேல் இருக்கிற ஏசியையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். போனில் இருக்கிற சாதாரண மேப்புக்கு உங்கள் வண்டி எவ்வளவு உயரம் என்று தெரியாது, உயரம் நீளம் கொடுத்து வழி கேட்கிற ஆர்வி ஜிபிஎஸ் தனியாக உண்டு.

ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா? டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டி என்றால் கார் லைசென்ஸே போதும், அதற்கு மேல் போனால் வேறு வகுப்பு எடுக்க வேண்டும். பெரிய கிளாஸ் ஏக்கள் இந்தக் கணக்கைத் தாண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் டயரைப் பாருங்கள். ஆர்வி மாதக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும், டயர் தேய்வதற்கு முன்னால் வயதாகிவிடும். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துக்களின் கடைசியில் நாலு எண் இருக்கும். 3221 என்று இருந்தால் 2021ம் வருடம் 32வது வாரம் செய்தது. ஆறேழு வருடம் ஆகிவிட்டதென்றால் பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். அடுத்தது கூரை. ஏணி போட்டு ஏறிப் பாருங்கள், உள்ளே அலமாரி மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று போனால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

செலவைப் பற்றி ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, ஆனால் எதில் போகிறது என்று சொல்லலாம். எங்களைப் போன்ற வண்டி கேலனுக்கு 10 மைல் கொடுத்தால் நல்ல வண்டி, கிளாஸ் ஏ 6, 8 என்று கொடுக்கும். ஆகவே 1,000 மைல் போனால் எங்களுக்கு 100 கேலன். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு கொடுக்கிற தனியார் ஆர்வி பார்க்கில் ஒரு இரவுக்கு 50 டாலரிலிருந்து, ஊரையும் சீசனையும் பொறுத்து 100 வரை தாராளமாகப் போகும். அரசாங்க கேம்ப்கிரவுண்டுகள் பாதியோ அதற்கும் கீழோ. இங்கேதான் வயதானதற்கு ஒரு லாபம்: 62 வயது தாண்டிய குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் சீனியர் பாஸ் என்று ஒன்று, வருடத்துக்கு 20 டாலர், ஆயுளுக்கும் சேர்த்து 80 டாலர். 2017 வரை அந்த ஆயுள் பாஸ் 10 டாலராக இருந்தது, அதைச் சொல்லிப் புலம்புகிற கிழவர்களை எல்லா கேம்ப்கிரவுண்டிலும் பார்ப்பீர்கள். கட்டணம் வாங்குகிற தேசியப் பூங்காக்களில் உங்கள் வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் அனுமதி, கூடவே பல மத்திய அரசு கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம். எனக்குக் கேட்டால், பூங்காக்களைவிட இந்தப் பாஸுக்கு அதிக மதிப்பு ராணுவப் பொறியாளர் துறை கட்டிய அணைகளின் ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டுகளில்தான். உங்கள் டெக்சாஸிலேயே நிறைய இருக்கின்றன, மின்சாரம் உண்டு, தண்ணீரை ஒட்டி இடம், வார நாட்களில் ஆளே இருக்காது.

பிரபலமான பூங்காக்களில் இடம் கிடைப்பது தனிப் போராட்டம். ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பல இடங்களுக்கு ஆறு மாதம் முன்னால் புக்கிங் திறக்கும், கோடைக்கால நாட்கள் திறந்த சில நிமிடத்தில் போய்விடும். ஞாயிறிலிருந்து வியாழன் வரை தேடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்கள் வசதிப்படாது, நமக்கு எல்லா நாளும் ஒன்றுதான்.

இனி யாரும் கேட்காத, ஆனால் எல்லோரும் பயப்படுகிற விஷயம். வண்டியில் மூன்று தொட்டி: நல்ல தண்ணீர், குளியலும் பாத்திரமும் கழுவின தண்ணீர் போகும் கிரே டேங்க், கழிப்பறைக்கு பிளாக் டேங்க். கேம்ப்கிரவுண்டில் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிட்டால் பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைத்துவிடலாம் என்று புதியவர்களுக்குத் தோன்றும். கூடவே கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், திடக்கழிவு உள்ளேயே கோபுரமாகக் காய்ந்து நிற்கும், பிறகு அதைக் கரைக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கும். முக்கால் தொட்டி நிறையும் வரை மூடி வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, குழாயை இரண்டு முனையிலும் இறுக்கிவிட்டு, முதலில் பிளாக்கைத் திறந்துவிட வேண்டும். அது சடசடவென்று போய் முடிந்ததும் அதை மூடிவிட்டு கிரேயைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் வந்து குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். எங்கள் வீட்டில் இது அவர் வேலை. அதற்குப் பதிலாக சமையல் முழுக்க என் வேலை என்று ஒப்பந்தம், யாருக்கு லாபம் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சமையல் என்றதும் ஒன்று. சாம்பார், புளிக்குழம்பு, எண்ணெய்ப் பாத்திரம் எதையும் அப்படியே சிங்க்கில் கழுவாதீர்கள், கிரே டேங்கில் எண்ணெய் படிந்து நாறும், பேப்பரால் வழித்துவிட்டுக் கழுவுங்கள். குக்கர் விசில் அக்கம்பக்கத்தாரை எழுப்பும் என்பதால் காலை பத்து மணிக்கு மேல் வையுங்கள். தாளிக்கிற வாசனைக்கு ஒரு தடவையாவது யாராவது வந்து என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்பார்கள், எங்களுக்கு அப்படிக் கிடைத்த சிநேகிதங்கள் உண்டு.

இன்னொரு பயம், பின்னால் எடுத்து நிறுத்துவது. சாயங்காலம் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், புதிதாக வருகிறவர் ரிவர்ஸ் எடுப்பதுதான் அவர்களுக்கு டிவி. வெளியே நிற்கிற மனைவி கையை ஆட்ட, உள்ளே இருக்கிற கணவர் வேறு மாதிரி புரிந்துகொள்ள, கண்ணாடி வழியே சத்தம் போட்டுக்கொள்வார்கள். போனில் ஸ்பீக்கர் போட்டு மெதுவாகப் பேசுங்கள். வலது இடது என்று சொல்லாமல் 'டிரைவர் பக்கம், பக்கத்து சீட்டுப் பக்கம்' என்று சொல்லுங்கள். முதலில் இருவரும் இறங்கி, மேலே மரக்கிளை எங்கே, மின்சாரக் கம்பம் எங்கே என்று நடந்து பார்த்துவிடுங்கள். மனைவியும் ஓட்டிப் பழக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்த வண்டியோடு மொன்டானா நடுவில் அவருக்குக் கண்ணில் பிரச்சினை வந்தால் என்ன செய்வீர்கள்?

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம் என்பதற்கு ஆர்விக்காரர்கள் மத்தியில் மூன்று மூன்று மூன்று என்று ஒரு கணக்கு உண்டு: 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், ஓர் இடத்தில் 3 இரவாவது தங்கு. நான் இதையும் குறைப்பேன். 150 மைல் போதும், ஒரு வாரம் தங்குங்கள். இருட்டிய பிறகு தெரியாத கேம்ப்கிரவுண்டில் நுழையவே நுழையாதீர்கள். வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலை போன்ற இடங்களில் காற்று பலமாக அடித்தால் உயரமான வண்டிகளுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள், அன்று நகராமல் இன்னொரு நாள் இருந்துவிடலாம். அப்படி இருக்க முடியாத அளவுக்கு அட்டவணை போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்து வண்டியை விற்கிறார்கள். மூன்று மாதத்தில் இருபது மாநிலம் பார்த்தோம் என்று சொல்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதி பெட்ரோல் பங்க் ஞாபகம்தான் இருக்கும்.

தங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு யூட்டாவின் கேபிடல் ரீஃப் ஒன்று சொல்கிறேன். சயானுக்கும் ஆர்ச்சஸுக்கும் போகிற கூட்டம் இங்கே அவ்வளவு வராது. செம்பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஃப்ரூட்டா என்று ஒரு பள்ளத்தாக்கு, 1880களிலிருந்து மார்மன் குடும்பங்கள் வைத்த பழத்தோட்டங்களைப் பூங்கா நிர்வாகம் இன்னும் பராமரிக்கிறது. செர்ரி, ஆப்ரிகாட், பீச், பேரி, ஆப்பிள் என்று ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஒன்று முடிந்தால் ஒன்று. பறிக்கலாம் என்று பலகை வைத்த தோட்டத்துக்குள் நின்று தின்றால் காசு கிடையாது, வெளியே எடுத்துப் போனால் அங்கே தொங்குகிற தராசில் நாமே நிறுத்து, பெட்டியில் பணம் போட வேண்டும். ஏணியும், நீளக்கோலில் பை மாட்டிய பழம் பறிக்கிற கருவியும் வைத்திருப்பார்கள். கேம்ப்கிரவுண்ட் தோட்டத்தை ஒட்டியே இருக்கிறது, சாயங்காலம் மான்கள் உதிர்ந்த பழத்துக்கு வரும். மின்சார இணைப்பு இல்லை, ஆனால் தொட்டியைக் காலி செய்கிற டம்ப் ஸ்டேஷன் உண்டு. ஒரு நாளில் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது சாலையில் ஒரு திருப்பம் மட்டும்.

வருடம் முழுக்க வண்டியில் இருப்பவர்கள் வெயிலைத் துரத்திக்கொண்டு போவார்கள், குளிருக்கு அரிசோனா, தெற்கு டெக்சாஸ், ஃபுளோரிடா, கோடைக்கு மொன்டானா, டகோட்டாக்கள். குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பார்க்க வேண்டிய காட்சி. சில ஆயிரம் பேர் இருக்கிற பாலைவன ஊர், ஜனவரியில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வண்டிகள். அங்கே மத்திய அரசின் நில நிர்வாகத் துறை, லா போசா என்ற இடத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச் சீட்டில் தங்க விடுகிறது. மற்றபடி அந்தத் துறையின் பெரும்பாலான நிலங்களில் 14 நாள் இலவசமாக இருந்துவிட்டு நகர வேண்டும். மின்சாரமோ தண்ணீரோ இல்லாமல் இப்படி இருப்பதை பூண்டாக்கிங் என்பார்கள், சோலார் தகடும் சிக்கனமும் வேண்டும். அந்த ஊர்க் கல்லறையில் உச்சியில் ஒட்டகம் நிற்கிற ஒரு கல் பிரமிடு உண்டு. 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டிப் பார்த்தபோது மத்திய கிழக்கிலிருந்து வந்த ஹாட்ஜி அலியின் சமாதி அது.

யெல்லோஸ்டோன் போனால் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில்தான் இணைப்புகள் உண்டு. கிரிஸ்லி கரடி நடமாட்டம் என்பதால் அங்கே கூடாரமோ துணிச்சுவர் வண்டியோ அனுமதிக்க மாட்டார்கள். காட்டெருமைக்கு 25 கஜம், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, மதிக்காமல் செல்ஃபி எடுக்கப் போய் முட்டு வாங்குகிறவர்கள் வருடா வருடம் செய்தியில் வருகிறார்கள்.

உடம்பு. இதை வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். 65ல் அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் எடுக்கும்போது, மலிவாக இருக்கிறதே என்று பலர் தனியார் கம்பெனிகள் நடத்துகிற மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்வார்கள். அவற்றில் பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவர் வட்டத்துக்குள்தான் பார்க்க முடியும், அவசரத்துக்கு எங்கும் போகலாம், ஆனால் முட்டி வலிக்கு ஓரிகனில் டாக்டர் பார்ப்பது அவசரத்தில் சேராது. அரசாங்கமே நேரடியாக நடத்துகிற ஒரிஜினல் மெடிக்கேர் என்றால் நாட்டில் எங்கே மெடிக்கேர் வாங்குகிற மருத்துவர் இருந்தாலும் பார்க்கலாம். அதோடு, மெடிக்கேர் போக நம் தலையில் விழுகிற பங்கை ஏற்கிற மெடிகேப் காப்பீடு சேர்த்துக்கொள்ளுங்கள். 65 ஆகி, மெடிக்கேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டால் உங்களுக்கு என்ன நோய் இருந்தாலும் மெடிகேப் கொடுத்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் பல மாநிலங்களில் மறுக்கலாம், கூடுதலாகவும் கேட்கலாம். அலாஸ்காவுக்கு வண்டியில் போவதாக இருந்தால் நடுவில் கனடா வருகிறது. அங்கே மெடிக்கேர் பொதுவாகச் செல்லாது, வீண் தாமதமில்லாமல் நேர்வழியில் கடக்கும்போது அவசரம் வந்து, அமெரிக்க மருத்துவமனையைவிடக் கனடா மருத்துவமனை கிட்டே இருந்தால் மட்டும் விலக்கு. தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வருவோம். வீட்டை விற்றவர்களுக்கும் சட்டப்படி ஒரு முகவரி வேண்டும், லைசென்ஸ், வோட்டு, காப்பீடு எல்லாம் அதை வைத்துத்தான். மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃபுளோரிடா, தென் டகோட்டா மூன்றையும்தான் முழுநேரப் பயணிகள் அதிகம் தேர்ந்தெடுப்பார்கள், நீங்கள் ஏற்கெனவே டெக்சாஸில் இருக்கிறீர்கள். 1978ல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டனிலிருந்து உறுப்பினர்களுக்குத் தபால் வாங்கி அவர்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பும். அதே ஊரில் கேர் என்று ஒரு மையம் இருக்கிறது, வயதாகியோ நோயாலோ ஓட்ட முடியாமல் போனவர்கள் தங்கள் ஆர்வியிலேயே தங்கிக்கொண்டு சாப்பாடு, துணை எல்லாம் அங்கே பெறலாம். இப்படி ஒன்று தேவைப்பட்டதே உங்களுக்கான பதில். வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியவர்களில் ஒருவருக்கு முடியாமல் போகும்போது மற்றவர் எங்கே திரும்புவார் என்ற கேள்வி நிச்சயம் வரும். ஒரு வருடம் வீட்டை வாடகைக்கு விட்டுப் பாருங்கள். பிடித்தால் அப்புறம் விற்கலாம், வீடு எங்கேயும் ஓடிவிடாது.

வாங்குவதற்கு முன்னால் 25 அடி கிளாஸ் சி ஒன்றை வாடகைக்கு எடுத்து நேட்செஸ் டிரேஸ் பார்க்வேயில் போய் வாருங்கள். மிசிசிப்பியின் நேட்செஸிலிருந்து டென்னசியின் நாஷ்வில் பக்கம் வரை 444 மைல், லாரிகளுக்கு அனுமதி இல்லை, பெரும்பாலும் 50 மைல் வேகம்தான், விளம்பரப் பலகை ஒன்றுகூட இல்லை. 55 அடி நீளம், 14 அடி உயரம் வரை விடுகிறார்கள், ஆகவே புதிதாக ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல சாலை கிடையாது. டல்லாஸிலிருந்து ஐ-20ல் போய் நடுவில் லூசியானாவில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் நேட்செஸ் சேருங்கள். வழியில் ராக்கி ஸ்பிரிங்ஸ், ஜெஃப் பஸ்பி, மெரிவெதர் லூயிஸ் என்று மூன்று இலவச கேம்ப்கிரவுண்டுகள், முன்பதிவு கிடையாது, வந்தவருக்கு இடம். மூன்றிலும் மின்சாரமும் இல்லை, டம்ப் ஸ்டேஷனும் இல்லை, தொட்டியைக் கணக்காகச் செலவழிக்க இங்கே பழகிக்கொள்ளலாம். மரம் விழுந்து சில சமயம் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பூங்காத் தளத்தில் பார்த்துவிடுங்கள். மூன்றாவது நாள் குளிக்கத் தண்ணீர் தீர்ந்து அலுப்பாக இருந்தால், 304வது மைல் பக்கத்தில் சாலையை ஒட்டியே டிஷமிங்கோ மாநிலப் பூங்கா, அங்கே மின்சாரமும் தண்ணீரும் உண்டு. ஏப்ரல் முதல் பாதியில் போங்கள், மே பிறந்துவிட்டால் மிசிசிப்பியில் வெக்கையும் கொசுவும் ஆரம்பித்துவிடும்.